மூச்சும் நடையும்

சென்னைக் கடற்கரையிலிருந்து மின்சார ரயிலில் சென்றவர்கள், தாம்பரத்திற்கு முந்திய நிலையத்தில் 'தாம்பரம் சானடோரியம்' என்னும் பெயர்ப்பலகையைக் கண்டிருப்பர். 1928-இல் அங்கே எழுந்த க்ஷயரோக மருத்துவ நிலையம் அளித்த பெயர் அது. சானடோரியம் என்றாலே தூய காற்று, நல்லுணவு, படுக்கை என்றிருந்த காலம். நோயுற்ற நுரையீரலுக்கு அசைவே பகை என்று வைத்தியர் பலரும் எண்ணினர்.

அவ்வெண்ணத்திற்கு உடன்படாதவர்களுள் ஒருவர் டாக்டர் மார்க்கஸ் பேட்டர்ஸன். 1905-இல் இங்கிலாந்தின் ஃப்ரிம்லி சானடோரியத்தில் பொறுப்பேற்ற அவர், காய்ச்சல் தணிந்த நோயாளிகளை முதலில் சிறிது தூரமே நடக்கவிட்டார். நடை நாளுக்குப் பத்து மைல் வரை வளர்ந்தது. பின்னர் கூடையில் மண் சுமத்தல், மண்வாரி பிடித்தல், இறுதியில் குந்தாலி கொண்டு நிலம் கொத்துதல்! உடற்சூடு ஏறினாலோ, உடனே படுக்கை. உழைப்பானது நோய்க்கிருமியின் நஞ்சைச் சிறிது சிறிதாக இரத்தத்தில் கலந்து எதிர்ப்பாற்றலை வளர்க்கும் என்பது அவர் கொள்கை. கொள்கை நிலைக்கவில்லை. அளந்து தொடங்கி, படிப்படியாக ஏற்றி, அபாயக்குறி கண்டதும் நிறுத்தும் முறையோ நிலைத்தது.

படுக்கை ஓய்வின் பெருமையைக் குலைத்தது நம் சென்னையே. 1956-இல் தொடங்கிய ஆராய்ச்சியில், ஒரு சாரார் சானடோரியத்திலும் மறு சாரார் தம் வீட்டிலும் ஒரே மருந்துகளை ஓராண்டு உண்டனர். வீட்டிலிருந்தோருக்கு உணவும் குறைவு, ஓய்வும் குறைவு. எனினும் 1959-இல் வெளியான முடிவின்படி இரு சாராரும் ஏறத்தாழ ஒப்பவே குணமடைந்தனர்.

க்ஷயத்தை மருந்து வென்றது. நாட்பட்ட மூச்சடைப்பு நோயை அவ்வாறு அறவே நீக்கும் மருந்து இல்லை. மூச்சு வாங்குமே என்றஞ்சி நோயாளி நடையைக் குறைக்கிறார்; கால் தசைகள் தளர்கின்றன; பிறகு சிறு நடைக்கும் மூச்சு முட்டுகிறது. 1960-களில் அமெரிக்காவின் டென்வர் நகரில் டாக்டர் தாமஸ் பெட்டி குழுவினர், கையோடு எடுத்துச் செல்லும் பிராணவாயுக் கலத்தைத் தந்து இத்தகையோரை நடக்க வைத்தனர்.

இன்று மருத்துவர், ஆறு நிமிடத்தில் நோயாளி எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று பார்த்துப் பயிற்சியை வகுக்கிறார். மூச்சு வாங்கினும் ஓரிரு வாக்கியம் பேச முடியுமாயின் பெரும்பாலும் அளவு மீறவில்லை எனலாம். நெஞ்சுவலி, தலைச்சுற்றல், வழக்கத்திற்கு மிஞ்சிய திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினும் நின்றுவிட வேண்டும். இதழ் குவித்து மெல்ல மூச்சை வெளிவிடுவது திணறலைத் தணிக்கும்.

டில்லி, கான்பூர் போன்ற ஊர்களில் வாழும் நம்மவர் பலர், ஊர்ப் பழக்கப்படி விடியுமுன் நடக்கப் புறப்படுகின்றனர். மார்கழிக் குளிரில் புகைமூட்டம் தரையோடு படிந்திருக்கும் வேளை அதுவே. அந்நாட்களில் வீட்டுக் கூடத்திலேயே நடக்கலாம். மூட்டம் விலகிய நாளில், வெயில் ஏறிய பின்னர் வெளியே செல்லலாம்.