இரு நகர்களுக்கு நடுவில் ஒரு வாயில்

நகரங்களை அருகருகே நிறுத்தி ஒப்புநோக்கும் வழக்கம் தமிழுக்குப் புதியதன்று. இளங்கோவடிகள் தம் காப்பியத்தின் மூன்று காண்டங்களுக்கும் புகார், மதுரை, வஞ்சி எனத் தலைநகர்ப் பெயர்களையே சூட்டினார். புகாரிலிருந்து மதுரைக்குச் செல்லும் வழி நெடிது. கவுந்தியடிகளின் துணையோடுதான் கோவலனும் கண்ணகியும் அதனைக் கடந்தனர். நமக்கோ அம்பத்தூரில் ஏறி ஆவடியில் இறங்கத் தொடர்வண்டியில் கால்மணி நேரம் போதும். ஆயினும் இவ்விரண்டும் ஒரே ஊரின் இரு தெருக்கள் அல்ல என்பதை இப்பக்கத்தில் வாழ்வோர் அறிவர்.

நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்கு எழுதித் தருமாறு கேட்ட நண்பர்கள், “நம்மூரைப் பற்றி எழுதுங்கள் அம்மா” என்றார்கள். நம்மூர் எது என்ற வினா அப்பொழுதே எழுந்தது. உறுப்பினருள் ஒருசாரார் அம்பத்தூரிலிருந்து வருகின்றனர். மற்றொருசாரார் ஆவடியிலிருந்து வருகின்றனர். கூட்டம் கூடுவதோ இரண்டுக்கும் நடுவில், திருமுல்லைவாயிலில். கவியரங்கம் முடிந்து தேநீர் அருந்தும் வேளையில், குடியிருக்க ஏற்றது அம்பத்தூரா, ஆவடியா என்ற வழக்கு பத்தாண்டுகளாகத் தீர்ப்பின்றி நடந்து வருகிறது. அவ்வழக்கில் என் சாட்சியமாக இக்கட்டுரையைக் கொள்க.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். தமிழாசிரியைக்கு அதுதான் எளிதில் கைவருவது. அம்பத்தூர் பழம்பெயர். தொண்டை மண்டலம் கோட்டங்களாகவும் நாடுகளாகவும் பகுக்கப்பட்டிருந்த காலத்தில் புழற்கோட்டத்தின் உட்பிரிவாக அம்பத்தூர் நாடு இருந்ததைச் சோழர் காலக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. இன்று ஐம்பத்தோராவது சக்தித்தலம் இருந்ததால் ‘ஐம்பத்தொன்றாம் ஊர்’ என வழங்கி, அது அம்பத்தூர் ஆயிற்று என்று கூறுவர். ஆவடிக்கும் இவ்வாறே ஒரு கதை உண்டு. கவச ஊர்திகள், கிடங்குகள் என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரொன்றின் முதலெழுத்துகளே ஆவடி ஆயின என்று நன்கு படித்தவர்களும் சொல்லக் கேட்டிருக்கிறேன். பீரங்கி வண்டித் தொழிற்சாலை அங்கு அமைந்தது 1961இல். அதற்கு ஆறாண்டு முன்பே ஆவடி என்ற பெயர் இந்தியா முழுவதும் செய்தித்தாள்களில் அடிபட்டது. ஊர் முந்தியது, விரித்துரைத்த ஆங்கிலம் பிந்தியது. ஒரு நகரம் தன் பெயருக்குப் புராணத்தைத் தேடியது, மற்றொன்று அரசாங்கக் கோப்பைத் தேடியது. இவ்விரு கதைகளையும் வரலாறாக நான் ஏற்கவில்லை. எனினும் அவ்வூர்களின் மனப்போக்கை அவை நன்றாகவே காட்டிக்கொடுக்கின்றன.

அவ்வாறு ஆவடியின் பெயர் பரவிய நிகழ்ச்சி 1955 சனவரியில் நடைபெற்ற காங்கிரசு மாநாடு. யு. என். தேபர் தலைமை தாங்கினார். நேரு வந்திருந்தார். காமராசர் முதலமைச்சர் பொறுப்பேற்று ஓராண்டு நிறையவில்லை. சமதர்மப் பாங்கான சமுதாய அமைப்பே நாட்டின் குறிக்கோள் என்ற தீர்மானம் அங்கு நிறைவேறியது. வரலாற்று நூல்கள் அதனை ஆவடித் தீர்மானம் என்றே குறிக்கின்றன. மாநாட்டுத் திடலுக்குச் சூட்டிய தீரர் சத்தியமூர்த்தியின் பெயர் சத்தியமூர்த்தி நகராக அங்கே இன்றும் வழங்குகிறது.

அடுத்த பத்தாண்டுகளில் அரசின் தொழிற்கொள்கை இவ்விரு ஊர்களிலும் இருவேறு கைகளால் வேலை செய்தது எனலாம். ஒரு கை ஆவடியில். பரந்த நிலத்தை வளைத்து மதிலெழுப்பிப் பாதுகாப்புத் துறையின் தொழிற்சாலையை மைய அரசே நிறுவியது. 1965இல் முதல் ‘விஜயந்தா’ பீரங்கி வண்டி அங்கிருந்து வெளிவந்தது. போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனம், படைவீரர் உடை தைக்கும் தொழிற்சாலை, மத்திய ரிசர்வ் காவற்படை முகாம் என மதில்கள் பெருகின. மற்றொரு கை அம்பத்தூரில். 1949இல் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் போன்ற பெருநிறுவனங்கள் அங்கு முன்னரே இருந்தன. 1960களில் மாநில அரசு ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் தொழிற்பேட்டை அமைத்து, சாலையும் மின்சாரமும் தந்து, சிறு முதலாளிகளைக் கூவி அழைத்தது. இரண்டு கடைசல் இயந்திரமும் நான்கு ஆட்களும் கொண்ட பட்டறைகள் அங்கே வரிசைவரிசையாக முளைத்தன. ஆவடியில் தொழிலை நடத்தியது அரசு. அம்பத்தூரில் இடத்தை மட்டும் அளித்துவிட்டு அரசு ஒதுங்கிக்கொண்டது. இவ்வேறுபாடு தெருவின் அகலத்திலும், அண்டை வீட்டாரின் மொழியிலும், ஓய்வுபெற்றவர் எங்கே போனார் என்பதிலும் தெரியும்.

இதனை நான் நூல்களில் கற்கவில்லை. என் தந்தையார் பேட்டையில் கடைசற்காரர். தாய்மாமன் ஆவடித் தொழிற்சாலையில் பணியாற்றினார். அம்பத்தூரில் எங்களுக்கு வாய்த்தது ஆறு குடித்தனங்கள் ஒரே கிணற்றில் நீர் இறைக்கும் வாடகை வீடு. அப்பாவின் சட்டைப்பையில் எப்போதும் இரும்புச் சுருள் ஒன்றிரண்டு இருக்கும். அம்மா துவைக்கும் முன் உதறியெடுப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா வீட்டுக்குப் போவோம். வாயிற்காவலர் குறிப்பேட்டில் பெயரெழுதிய பின்னரே உள்ளே விடுவார். உள்ளே நுழைந்தால் வேறு நாடு! நேரான சாலைகள், இருபுறமும் தூங்குமூஞ்சி மரங்கள், ஒரே அச்சில் வார்த்தது போன்ற வீடுகள், மாலையில் பந்து விளையாடும் பிள்ளைகள். அவர்கள் பஞ்சாபியரும் மலையாளிகளும் வங்காளிகளுமாக இருந்தனர். மாமாவின் மகள் இந்தியில் சண்டையிடுவாள். எனக்கு அது பெரிய கல்வியாகத் தோன்றியது. திரும்பும் வழியில், “நாமும் அங்கேயே குடிபோகலாம்” என்பேன். அப்பா, “அது மாமாவோட வீடு இல்லம்மா, மாமாவோட வேலையோட வீடு” என்றார். அன்று அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை.

மாமா பணி ஓய்வு பெற்ற சில மாதங்களில் வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைத்தார். முப்பதாண்டுக்கு மேல் வாழ்ந்த தெருவுக்குள் போக அதன்பின் அவரும் குறிப்பேட்டில் பெயரெழுத வேண்டியவரானார். அப்பாவின் பட்டறை முதலாளிக்கு ஆர்டர் குறைந்தது. ஒருநாள் கதவு சாத்தப்பட்டது. இருவரும் கையிலிருந்த பணத்துக்கு மனை தேடி வந்து சேர்ந்த இடம் திருமுல்லைவாயில். எங்கள் தெருவில் பாதிப்பேர் இவ்வாறு இருபுறமிருந்தும் வந்தவர்களே. ஆவடி நல்ல வாழ்க்கையைத் தந்தது. ஆனால் அதனை இரவலாகத் தந்தது. அம்பத்தூர் வாழ்க்கையைத் தரவில்லை, கைத்தொழிலைத் தந்தது. கற்ற தொழிலை யாரும் திரும்பக் கேட்பதில்லை. பேட்டையை விட்ட பின்னரும் அப்பா வீட்டு முற்றத்தில் சிறு கடைசல் வேலை செய்து எங்களைப் படிக்க வைத்தார். என் முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தட்டச்சு செய்த செலவு அம்முற்றத்திலிருந்து வந்தது. ஆகவே என் சாட்சியம் நடுநிலையானதன்று என்பதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

அந்தப் பழைய ஆவடியும் பழைய அம்பத்தூரும் இன்று இல்லை. பேட்டையின் பட்டறைகள் பலவற்றின் இடத்தில் கண்ணாடி முகப்புடைய கணினி நிறுவனங்கள் எழுந்துள்ளன. டன்லப் தொழிற்சாலை ஓய்ந்த பின்னும் பேருந்து நிறுத்தம் ‘டன்லப்’ என்றே வழங்குகிறது. ஆவடியில் 2021 அக்டோபரில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகள் ஏழு அரசு நிறுவனங்களாக மாற்றியமைக்கப்பட்டபோது, பீரங்கி வண்டித் தொழிற்சாலை அவற்றுள் ஒன்றன்கீழ் வந்தது. மதில்கள் நிற்கின்றன.

ஆட்சிமுறையில் நேர்ந்த மாற்றம் இதைவிட விந்தையானது. 2011 கணக்கெடுப்பில் அம்பத்தூர் நகராட்சியின் மக்கள் நான்கரை லட்சத்துக்கு மேல். ஆவடியின் மக்கள் மூன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. பெரியது அம்பத்தூர்தான். ஆனால் அவ்வாண்டு அக்டோபரில் அது சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டு ஏழாம் மண்டலம் ஆயிற்று. 2018இல் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கும் சென்றுவிட்டது. சிறியதாகிய ஆவடியோ 2019இல் தனி மாநகராட்சியாக உயர்ந்தது. 2022 சனவரியில் ஆவடிக்கெனத் தனிக் காவல் ஆணையரகம் அமைந்தபோது அம்பத்தூர்க் காவல் எல்லையும் அதற்குள் வந்தது. வீட்டுவரி சென்னைக்கு, திருட்டுப் புகார் ஆவடிக்கு என்பது இன்றைய அம்பத்தூரின் நிலை! ஒரு நாட்டுக்கே பெயராக இருந்த ஊர் ஓர் எண்ணாகிவிட்டதே என்று எனக்கு வருத்தம் உண்டு. ‘சென்னைவாசி’ ஆனதில் பெருமை கொள்ளும் அம்பத்தூர் நண்பர்களுக்கு அவ்வருத்தம் இல்லை. எனினும் வட்டத்தின் உறுப்பினர் படிவத்தில் முகவரி எழுதும்போது அவர்களுள் எவரும் ‘மண்டலம் 7’ என்று எழுதியதில்லை. ‘அம்பத்தூர்’ என்றே எழுதுகின்றனர்.

இனி வழக்கிற்கு வருவோம். வேலை தேடும் இளைஞருக்கு அம்பத்தூர் ஏற்றது. பேட்டையில் ஒரு கதவு மூடினால் அடுத்த தெருவில் மற்றொரு கதவு தட்டலாம். ஆனால் மழைக்காலத்தில் அங்கு நீர் வடிவதில்லை. 2023 டிசம்பர்ப் புயல்மழையில் பேட்டையே ஏரியாயிற்று. ஏரிகளுக்கு நடுவே ஊர் எழுப்பியவர்கள் நீருக்கு வழிவிட மறந்தனர். ஓய்வாக வாழ்வோருக்கும் நடக்க விரும்புவோருக்கும் ஆவடி ஏற்றது. பருத்திப்பட்டு ஏரியைத் தூர்வாரி 2019இல் பூங்காவாக்கியுள்ளனர். மாலையில் அங்கு நடந்தால் நீர்ப்பறவைகளைக் காணலாம். ஆவடிக்கு இன்னொரு நன்மையும் உண்டு. இந்தியாவின் பல மாநிலத்தவரோடு பழகிய ஊராதலால் புதிதாக வருபவரை அது வியந்து பார்ப்பதில்லை. அம்பத்தூர் ‘யார் வீட்டுப் பிள்ளை?’ என்று கேட்கும். எனக்கு இரண்டாவதே பிடிக்கும். என் மகளுக்கு முதலாவது.

குடியிருப்பதை விடுத்து, காண வருவோருக்கு எது ஏற்றது என்று கேட்டால் என் விடை இரண்டுமன்று. அவற்றைச் சுற்றியுள்ள ஊர்களே. அம்பத்தூர்ப் பக்கம் பாடியில் சம்பந்தர் பாடிய திருவலிதாயம். ஆவடியைக் கடந்தால் திருநின்றவூர். கல்லும் பொருளுமின்றி நெஞ்சுக்குள்ளேயே கோயில் எழுப்பிய பூசலாரின் ஊர். கட்டடச் செலவைத் தவிர்த்த அடியார் அவர் ஒருவரே என்று எங்கள் பேராசிரியர் வகுப்பில் சொல்லிச் சிரிப்பார். நடுவில் சுந்தரர் பாடிய திருமுல்லைவாயில். சீர்காழிக்கு அருகில் மற்றொரு முல்லைவாயில் இருப்பதால் இது வட திருமுல்லைவாயில்.

முல்லைக் காட்டின் வாயில் என்பது பெயரின் வெளிப்படைப் பொருள். குறும்பரோடு பொரச் சென்ற தொண்டைமானின் யானைக்காலை முல்லைக்கொடி பற்றிக்கொள்ள, அவன் வாளால் வெட்ட, கொடியினடியில் இருந்த இலிங்கத்தில் குருதி பெருகியது என்பது தலவரலாறு. அக்காயத்துக்காக இறைவன் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பிலேயே இருக்கிறார். சித்திரைச் சதயத்தை ஒட்டி மட்டுமே காப்புக் களையப்படும். நந்தி இறைவனை நோக்காது, தொண்டைமானுக்குத் துணையாகப் புறப்படுவதுபோல் கிழக்கு நோக்கி அமர்ந்திருக்கிறது. குறும்பர் கோட்டையிலிருந்து கொணர்ந்தவை எனப்படும் இரு வெள்ளெருக்கந் தூண்கள் கருவறைக்கு முன் நிற்கின்றன.

சுந்தரர் இங்கு வந்த நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். திருவொற்றியூரில் சங்கிலியாருக்குத் தந்த உறுதியை மீறிப் புறப்பட்டதால் கண்ணொளி இழந்து, வழி தெரியாமல் வந்தவர் முதலில் நின்ற ஊர் இது என்கிறது பெரியபுராணம். இங்கே தம் துயர் களையுமாறு பாடினார், பார்வை கிடைக்கவில்லை. அடுத்துத் திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மறுகண். அத்திருவெண்பாக்கம் இன்று நிலத்தில் இல்லை. சென்னையின் தாகம் தீர்க்க 1944இல் முடிந்த பூண்டி நீர்த்தேக்கத்தில் பழைய கோயில் மூழ்கியது. பின்னர் வேறிடத்தில் எழுப்பினர். அந்நீர்த்தேக்கத்தின் பெயர் சத்தியமூர்த்தி சாகர். நகரத்தந்தையாக இருந்து அதற்கு முயன்றவரின் பெயரே ஆவடி மாநாட்டுத் திடலுக்கும் சூட்டப்பட்டது. ஒரு நகரம் வாழ ஓர் ஊர் நீருக்குள் போகிறது. இருபுறமும் விரியும் நகரங்களுக்கு நடுவில் இருந்துகொண்டு இதனைப் படிக்கும்போது எனக்குச் சற்று அச்சமாகவே இருக்கிறது.

திருமுல்லைவாயில் இப்போது ஆவடி மாநகராட்சியைச் சேர்ந்தது. அஞ்சற் குறியீட்டெண்ணில் அம்பத்தூருக்கு 53, ஆவடிக்கு 54. நடுவிலுள்ள நமக்கு 62. முல்லைத்திணைக்கு உரிப்பொருள் இருத்தல் என்று இலக்கணம் கூறும். அதனை நடைமேடையில் நின்று நாம் நாள்தோறும் ஓதுகிறோம். வெளியூர்க் கவிஞர்கள் நம் கூட்டத்துக்கு வரும்போது விரைவு வண்டியில் ஏறிவிட்டு அம்பத்தூரில் விழிப்பார்கள். அடுத்து ஆவடியில்தான் நிற்கும். ஆதலால் சென்ட்ரலில் எல்லா நிலையங்களிலும் நிற்கும் வண்டியாகக் கேட்டு ஏறுக. சித்திரைச் சதயத்தன்று வருவோர் விடியலிலேயே வந்துவிடுதல் நன்று. வரிசை தேரடிவரை நீளும்.