பழைய ஸ்டார்ட்டரா, பஞ்சிகாவத்தை ஸ்டார்ட்டரா?

கப்பல்துறைப் பக்கம் டொல்பின் ஹையேஸ் வான் வைத்திருப்பவர் அதை இலேசில் விற்கமாட்டார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்குத் தடை நீங்கியது 2025 பெப்ரவரியில்தான். இடையில் பழைய வான்களின் விலை எங்கோ போய்விட்டது. ஸ்டார்ட்டர் படுத்தால் இரண்டு வழி: உள்ளதைக் கழற்றித் திருத்துவது, அல்லது கொழும்பு பஞ்சிகாவத்தையில் றீகொண்டிஷன் மோட்டர் எடுப்பிப்பது.

சாவியைத் திருப்ப 'டக்' என்று மட்டும் கேட்டால் நான் முதலாவது வழிக்கே போவேன். இந்த வான்களின் டீசல் எஞ்சின்களில் வரும் டென்சோ மோட்டரின் பின்மூடியை மூன்று சிறு போல்ட்டுகள் பிடித்திருக்கும். திறந்தால் உள்ளே இரண்டு செப்புத் தொடுமுனைகள். பெரும்பாலும் பற்றரிப் பக்கத்து முனைதான் கரிந்து, ஓரம் தேய்ந்து கிடக்கும். அந்தச் சோடியை மாற்ற ஆகும் செலவு, முழு மோட்டரின் விலைக்குக் கிட்டவும் வராது. பிரஷ்களையும் அப்போதே பார்த்துவிடலாம்.

ஆர்மேச்சர் எரிந்திருந்தால் கதை வேறு. அப்போது றீகொண்டிஷனே மேல். மோட்டர் வந்த அன்றே வான் ஓடும். ஆனால் கழுவிப் பெயின்ட் அடித்ததெல்லாம் றீகொண்டிஷன் ஆகிவிடாது. பிரஷின் நீளம் வெளியே தெரியுமா? ஜப்பான் டீசல் வாகனங்களில் 24 வோல்ட் மோட்டரும் உண்டு. 12 வோல்ட்தானா என்று பார்த்து, பினியன் பற்களையும் பழையதோடு வைத்து எண்ணி வாங்கவேண்டும். இன்னொன்று: இந்த மோட்டருக்கு அதன் உடம்பே ஏர்த். எஞ்சினோடு பொருந்தும் முகத்தில் புதுப் பெயின்ட் இருந்தால் சுரண்டிவிட்டுத்தான் பூட்டவேண்டும்.

எந்த வழியில் போனாலும் பற்றரியிலிருந்து மோட்டருக்கு வரும் வயரைப் பார்க்காமல் விட்டால் காசுக்கு நட்டம். சுற்றும்போது 200 அம்பியர் ஓடுகிறது என்றால், நூறில் ஒரு ஓம் தடையே 2 வோல்ட்டைத் தின்றுவிடும். கடற்காற்று அடிக்கும் ஊரில் அந்தத் தடை வெளியே தெரியாது. லக்குக்குப் பக்கத்தில் வயரின் உறையைக் கீறினால் உள்ளே பச்சைக் களிம்பு. பற்றரியின் பொசிட்டிவ் முனைக்கும் மோட்டரின் பெரிய முனைக்கும் மீட்டரை வைத்து, ஒருவர் சாவியைத் திருப்பட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வயரை மாற்றுங்கள். எஞ்சினிலிருந்து பொடிக்குப் போகும் ஏர்த் பட்டிக்கும் இதே சோதனைதான். கழற்றத் தொடங்கும்போது நெகட்டிவ் முதலில்.

கடைக்காரர் பழைய மோட்டரைக் கழிவுக்குக் கேட்பார். கொடுக்காதீர்கள்; அதன் பற்சக்கரங்களும் மூக்குப் பகுதியும் நல்லதாக இருந்தால் அடுத்த தடவைக்கு உதவும்.