ஒலியால் ஒளியைத் திருப்பிய கதை



இம்மாத உரைக்கு நான் எடுத்துக்கொண்ட விடயம் சற்றுப் புதியது. ஒலியைக் கொண்டு ஒளியைத் திருப்ப முடியுமா? முடியும். இன்று அந்தக் காரியத்தைத் தலைமயிரை விட மெல்லிய படலங்களில் செய்து, மூக்குக்கண்ணாடி போல அணியும் கருவிகளுக்குள் கொண்டுவர ஆராய்ச்சி நடக்கிறது. நான் ஒரு வர்த்தகப் பட்டதாரி, தொழிலால் கணக்காளன். எனக்கும் பௌதிகத்துக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். இந்த வரலாற்றின் முக்கியமான அத்தியாயத்தை எழுதியவரும் ஒரு காலத்தில் கணக்கு அலுவலகத்தில் இருந்தவர்தான்.

அவர் 1888இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1907இல் இந்திய நிதிச் சேவையில் சேர்ந்து, கல்கத்தாவில் உதவித் தலைமைக் கணக்காளரானார். அந்த நாளில் அதைவிட நிச்சயமான உத்தியோகம் ஓர் இந்திய இளைஞனுக்குக் கிடைப்பது அரிது. ஆனால் அவர் அலுவலகத்துக்குப் போகும் முன்பும், வேலை முடிந்த பின்பும் பௌபசார் வீதியில் இருந்த விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுகூடத்தில் நின்றார். பத்து வருடம் இரண்டையும் சுமந்தார். 1917இல் அரச உத்தியோகத்தை விட்டு, குறைந்த சம்பளத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

அவருக்கு ஒலியில் பெரும் ஈடுபாடு இருந்தது. மிருதங்கம், தபேலா பற்றி 1920இல் சிவகாளி குமார் என்பவருடன் சேர்ந்து 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதினார். வெறும் தோலைத் தட்டினால் அதன் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று ஒத்துவராது, சத்தம்தான் வரும். மிருதங்கத்தின் வலந்தலையிலே கரணை என்று நாங்கள் சொல்லும் கருஞ்சாந்தை மெல்லிய பூச்சாகப் பூசித் தேய்த்து, அதன்மேல் மறுபடி பூசித் தேய்த்துப் படைபடையாக ஏற்றுகிறார்கள். நடுவில் தடிப்பாகவும் ஓரத்தில் மெல்லியதாகவும் அது அமைவதால் மேற்சுரங்கள் முழுஎண் விகிதத்துக்கு வந்து இனிமை பிறக்கிறது. இராமன் அளந்து காட்டியது இதைத்தான். பெயர் எழுதப்படாத எங்கள் தோற்கருவித் தொழிலாளர் அதைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர். இன்று படலப் பொருட்களை வடிவமைப்பவர் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். எந்தப் படையை எவ்வளவு தடிப்பில் எதன்மேல் வைப்பது என்பதே அவர்களுடைய கேள்வி.

இனி ஒளிக்கு வருவோம். ஒலி செல்லும் ஊடகத்தில் ஒளி சிதறும் என்று பிரான்சின் பிரில்லுவான் 1922இல் எதிர்வுகூறினார். 1932இல் அமெரிக்காவில் டிபாய், சியர்ஸ் இருவரும், பிரான்சில் லூக்காஸ், பிக்காட் இருவரும் அதைப் பரிசோதனையில் கண்டனர். ஆனால் ஒரு கதிர் போய்ப் பல கதிராக ஏன் பிரிகிறது என்பதற்குத் தெளிவான விளக்கம் வரவில்லை. அதை 1935-36இல் பெங்களூரில் இராமனும் அவருடைய மாணவர் நாகேந்திரநாத்தும் ஐந்து கட்டுரைகளில் தந்தனர்.

அவர்கள் சொன்னது எளிமையானது. ஒலி என்பது நெருக்கமும் தளர்வும் மாறிமாறி வரும் அலை. நெருங்கிய இடத்தில் ஒளி சற்றுத் தாமதிக்கும், தளர்ந்த இடத்தில் சற்று முந்தும். எனவே சமமாக உள்ளே போன அலைமுகம் மடிப்பு மடிப்பாக வெளியே வரும். அந்த மடிப்புகளே ஒளியைப் பல திசைகளுக்குப் பிரிக்கின்றன. உலகம் முழுவதும் பாடநூல்களில் இதற்கு இராமன்-நாத் கோட்பாடு என்றே பெயர். இராமனை எல்லோருக்கும் தெரியும், நாத்தின் பெயரை எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

கோட்பாடு வந்தும் பயன் வர வெகுகாலம் சென்றது. ஒழுங்கான ஒளி வேண்டும். அது 1960இல் லேசராக வந்தது. கலிபோர்னியாவில் மைமன் முதல் லேசரை இயக்கிய அதே ஆண்டு இறுதியில், நியூ ஜேர்சி மறே ஹில் பெல் ஆய்வுகூடத்தில் முதல் வாயு லேசர் எரிந்தது. அடுத்த தேவை நல்ல பளிங்கு. இங்கேதான் என் போன்ற கணக்காளருக்கு உற்சாகம் வருகிறது, ஏனெனில் ஒரு பொருளின் தகுதியை வரவு செலவு போலவே எழுதுகிறார்கள். முறிவுச் சுட்டியை ஆறு தடவை பெருக்கி வரவுப் பக்கம் போடவேண்டும், அமுக்கத்துக்கு அது எவ்வளவு அசைந்துகொடுக்கிறது என்பதன் வர்க்கமும் அதே பக்கம். அடர்த்தியும், மூன்று தடவை பெருக்கிய ஒலிவேகமும் செலவுப் பக்கம். ஒலிவேகம் பாதியானால் தகுதி எட்டு மடங்காகும்.

1969இல் பெல் ஆய்வுகூடத்தினர் ஈய மொலிப்தேற்றைக் கொண்டுவந்தனர். அதே ஆண்டில் யப்பானியர் தெலூரியம் ஈரொட்சைட்டின் குணங்களை அளந்தனர். அந்தப் பளிங்கில் ஒருவகை ஒலி செக்கனுக்கு 617 மீற்றர் மட்டுமே நகரும். தண்ணீரில்கூட அது ஏறக்குறைய 1480 மீற்றர். ஆகவே அதன் தகுதி உருகிய சிலிக்காவை விட ஐந்நூறு மடங்குக்கும் மேல்.

ஆனாலும் கட்டிப் பளிங்கை முகத்தில் அணிய முடியாது, அது மின்வலுவையும் தின்னும். இதற்கு வழி விரிகுடாப் பகுதியில் தொடங்கியது. 1965இல் பேர்க்லியில் வைற், வோல்ற்மர் இருவரும் சீப்புப் பற்கள் போன்ற உலோகக் கோடுகளைப் பதித்து, ஒலியைப் பளிங்கின் மேற்பரப்பிலேயே ஓடவிட்டனர். 1970இல் நியூ யோர்க்கில் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் மெல்லிய படலத்துக்குள் ஓடும் ஒளியை அப்படிப்பட்ட ஒலியால் திருப்பினர். ஒளியும் ஒலியும் ஒரே ஒடுங்கிய பாதையில் போனால் சிறு வலுவே போதும். 2013இல் எம்.ஐ.ரி. ஆய்வாளர்கள் இலித்தியம் நையோபேற்றில் இதே வழியில் முப்பரிமாணக் காட்சிக்கான கருவியொன்றைக் காட்டினர்.

படைகளை அடுக்குவதில் ஒரு சிக்கல் உண்டு. ஒளி, ஒலி இரண்டும் தாம் மெதுவாகச் செல்லும் படையிலேயே தங்கும். இலித்தியம் நையோபேற்றுப் படலத்தைச் சிலிக்காவின்மேல் வைத்தால் ஒளி மேலே தங்கும், ஒலியோ கீழே கசிந்துவிடும். நீலக்கல்லின்மேல் வைத்தால் இரண்டுமே மேலே நிற்கும். ஸ்ரான்போர்ட் ஆய்வாளர்கள் இந்த அடுக்கில் வேலை செய்து 2021இல் முடிவுகளை வெளியிட்டனர்.

அணிவதென்றால் வளையவும் வேண்டும். பனஞ்சலாகையை வளைத்தால் முறியும், பனையோலையை மடித்துப் பெட்டி இழைக்கலாம். தடிப்புக் குறையக் குறைய வளைவின் இழுவை குறையும். உடையக்கூடிய படலத்தை அடுக்கின் நடுவில் வைத்தால் மேலே இழுவையும் கீழே நெருக்கமும் சரிக்கட்டி, அதற்கு நோகாது. இவையெல்லாம் இன்னும் ஆய்வுகூட வேலைகளே. கடையில் வாங்கும் பொருளாக வரவில்லை.

வரிக் காலத்தில் என்னிடம் பத்திரங்களோடு வரும் பெற்றோர் சிலர், "தம்பி, பிள்ளை பொருள் விஞ்ஞானம் படிக்கப்போறன் எண்டு நிக்குது, அதாலை சீவிக்கேலுமோ?" என்று கேட்கிறார்கள். வீடு வாசல் விட்டு வந்த சனம் நிச்சயத்தைத் தேடுவது நியாயம், அதை நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் இந்த வரலாற்றைக் கணக்குப் பார்த்தால், கோட்பாட்டுக்கும் 1969இன் பளிங்குகளுக்கும் இடையில் 33 வருடம் இருக்கிறது. ஆதாயம் உடனே வராத ஒரு செலவை யாரோ தாங்கியிருக்கிறார்கள். இராமன் பத்து வருடம் சம்பளத்தையும் விடவில்லை, ஆய்வையும் விடவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு வழியைத் திறந்துவிடலாம். வேலை வாய்ப்பைக் கேட்கும் அதே மூச்சில், "நீ என்ன கண்டுபிடிக்க விரும்புகிறாய்?" என்றும் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

நியூ ஜேர்சியிலும் விரிகுடாப் பகுதியிலும் டெக்சாசிலும் இருந்து இவ்வுரையை வாசிக்கும் இளையோர், இத்துறையில் படிப்பவர்களாயின், எங்கள் ஒலிபரப்பில் வந்து தமிழில் பேச முன்வாருங்கள். அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.