வெள்ளி சில்லறையாக இருந்த காலம்

திருமலை என்றாலே தங்கக் காசுதான் ஞாபகம் வரும். 'அப்போ வெள்ளிக் காசே இல்லையா?' என்று நம்ம பிள்ளைகள் என்னைக் கேட்பதுண்டு. இருந்தது, சில்லறையாக!

13-ஆம் நூற்றாண்டுப் போர்த்துகலில் செம்போடு வெள்ளி கலந்து அடித்த காசுதான் அன்றாடப் புழக்கத்தில் இருந்தது. விஜயநகரத்தில் தங்கமே முதன்மை. 1443-இல் இங்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், ஒரு பணத்தில் ஆறில் ஒரு பங்கு மதிப்புள்ள வெள்ளிக் காசை 'தார்' என்று குறிப்பிடுகிறார். இரண்டு அச்சுகளுக்கு நடுவே உலோக வில்லையை வைத்துச் சுத்தியலால் ஒரு போடு. வராகனும் தாரும் அப்படித்தான் பிறந்தன.

1514-இல் கிருஷ்ணதேவராயர் திருவேங்கடமுடையானுக்கு 30,000 பொற்காசுகளால் கனகாபிஷேகம் செய்தார். பின்னாளில் சந்திரகிரியிலிருந்து ஆண்ட இரண்டாம் வேங்கடபதி ராயர் (1586–1614) பெருமாளின் உருவத்தையே வராகனில் பொறித்தார். அதிலுள்ள எழுத்து நாகரி.

ஆனால் கோயில் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழ்தான். யார் எத்தனை பணம் தந்தார், அதைக் கொண்டு எந்த ஊரில் ஏரி, கால்வாய் வெட்டி, கூடுதல் விளைச்சலில் என்ன அமுது படைக்கணும் என்பதெல்லாம் அவற்றில் இருக்கிறது. காசில் எந்த எழுத்து இருந்தாலும், கணக்கு நம்ம எழுத்தில்தான்.

தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் படிக்கும் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ் எழுத்தையும் சொல்லிக்கொடுப்போம். இல்லாவிட்டால் அந்தச் சுவர் அவர்களுக்கு வெறும் கல்தான்.