பெயர் சொல்லாத வாக்காளர்கள்

ஆட்சியின் வரலாற்றைப் படிக்கும்போது நாம் மன்னர்களையும் மந்திரிகளையுமே நினைக்கிறோம். வீடு வீடாகச் சென்று பட்டியல் எழுதும் சிறு ஊழியரை நினைப்பதில்லை. புதிதாக விடுதலை பெற்ற நாடுகளில் மக்களின் உரிமை அவருடைய பேனா முனையிலும் தங்கியிருக்கிறது என்பது என் கருத்து. நமது முதல் பொதுத் தேர்தலே இதற்குச் சான்று.

1950 மார்ச்சு மாதத்தில் சுகுமார் சென் முதல் தலைமைத் தேர்தல் ஆணையரானார். சொத்தும் கல்வியும் பாராமல், 21 வயது நிரம்பிய அனைவருக்கும் அரசியல் சட்டம் வாக்குரிமை அளித்திருந்தது. வாக்காளர் ஏறத்தாழ 17 கோடிப் பேர். அவருள் மிகப் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். ஆகவே, வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி வைத்து, அதன்மேல் அவரது சின்னத்தை ஒட்டினர். ஒருவரே இருமுறை வாக்களியாதவாறு விரலில் மை இட்டனர். 1951 அக்டோபரில் தொடங்கிய வாக்குப்பதிவு 1952 பிப்ரவரியில் முடிந்தது.

எழுத்தறியாமையைச் சின்னம் வென்றது. ஆனால், சின்னத்தால் தீராத சிக்கல் ஒன்றும் இருந்தது. வட மாநிலங்கள் சிலவற்றில், பெண்கள் பலர் அந்நியரிடம் தம் பெயரைச் சொல்லும் வழக்கமில்லை. ‘இன்னாருடைய மனைவி’, ‘இன்னாருடைய தாய்’ என்றே அவர்கள் கூறினர்; ஊழியரும் அவ்வாறே எழுதிவிட்டனர். சென் இதை ஏற்கவில்லை. பெயரைப் பதிவு செய்தே தீரவேண்டும் என்றார். பீகாரில் இதற்கென ஒரு மாத அவகாசமும் அளிக்கப்பட்டது. இருந்தும், சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலில் இடம் பெறவில்லை.

இது நியாயமா? சட்டம் தந்த உரிமையை ஒரு விதி பறித்ததே என்று கேட்கலாம். இழப்பு உண்மைதான். பெண் ஊழியர்களை மிகுதியாக அனுப்பியிருந்தால் பல பெயர்கள் கிடைத்திருக்கும் என்றே எண்ணுகிறேன். ஆயினும், விதியைத் தளர்த்தியிருந்தால், கணவனின் நிழலாகவே பெண்ணை அரசாங்கமும் எழுதி வைத்ததாக ஆகியிருக்கும். ஒருவர் பெயரால் மற்றொருவர் வாக்களிக்கவும் வழி பிறந்திருக்கும். விதியில் உறுதியும், அதை மக்களிடம் கொண்டுசெல்வதில் பரிவும் ஒருங்கே வேண்டும் என்பதே இதன் பாடம்.

1953-இல் சூடான் நாட்டுத் தேர்தலை நடத்திய ஆணைக்குழுவுக்கும் சென்னே தலைமை தாங்கினார். அந்நாடு 1956-இல் விடுதலை பெற்றது.

மாணவ நண்பர்களே! உரிமை சட்டப் புத்தகத்தில் பிறக்கலாம்; ஆனால், வீட்டு வாயிலில் ஒருவர் பெயரைக் கேட்டுப் பிழையின்றி எழுதும்போதுதான் அது அவருக்குச் சொந்தமாகிறது.