வெளிறலும் அதன் வேரும்

களனி கங்கைக் கரையில், ருவன்வெல்லைக்கு அணித்தாய், இறப்பர்த் தோட்டங்கள் சூழ அமைந்த ஊர் கரவனெல்ல. அத்தகைய தோட்டங்களிற் குடியேறிய நம் தமிழ்த் தொழிலாளரைத் தலைமுறைதோறும் வாட்டிய நோய்களை எண்ணுவோமாயின், ஆரவாரமின்றி வந்து உடலுரத்தை உண்ட சோகைக்கு முன்னிடம் அளித்தல் வேண்டும். முகம் வெளுத்தல், மூச்சிரைத்தல், மேடேறுங்கால் நெஞ்சு படபடத்தல் என்பன அதன் அடையாளங்களாம். பாண்டு எனச் சித்த மருத்துவர் வழங்குவதும் இதனையே.

இதற்குக் காரணம் தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. வெறுங்காலுடன் ஈரமண்ணில் நடப்போரின் தோலைத் துளைத்துப் புகும் கொளுக்கிப்புழு, குடலைப் பற்றி நின்று குருதியை உறிஞ்சும். ரொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியுடன் 1916 இல் மாத்தளைத் தோட்டங்களிற் புழுவொழிப்பு இயக்கம் தொடங்கிற்று. மருந்தினாற் புழு வெளியேறியது. மலகூடமில்லாத லயங்களில் அது மீண்டும் பற்றியது. பின்னர் 1934 - 35 இல் மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்க, மலேரியா மூண்டது. இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்ட அக்கொள்ளைநோய், கேகாலைப் பகுதியையே மிகக் கடுமையாகத் தாக்கியது. மலேரியாக் கிருமி செங்குருதிக் கலங்களை உடைப்பதால், உயிர் பிழைத்தோரிலும் பலர் வெளிறினர்.

ஆதலின், வெளிறிய முகத்தைக் கண்டதும் புழு மருந்தும் இரும்புச்சத்தும் கொடுத்தல் மருத்துவர்க்கு இயல்பாயிற்று. பெரும்பாலும் அது சரியே. எனினும், அரிதாக வரும் ஒரு சோகை இவ்வழக்கத்துக்கு அடங்காது. குருதியை ஆக்கும் என்பு மச்சையே வறண்டுபோதலால் விளைவது அது. 1888 இல் பேர்லினில், 21 வயதுடைய கருவுற்ற பெண்ணொருத்தி இந்நோயால் விரைவில் இறந்தாள். அவள் என்புகளைப் பிளந்து நோக்கிய போல் ஏர்லிக், செம்மச்சை இருக்கவேண்டிய இடத்திற் கொழுப்பையே கண்டார். ‘ஏபிளாஸ்டிக் அனீமியா’ என்னும் பெயரை 1904 இற் பிரெஞ்சு மருத்துவர் சோஃபார் வழங்கினார்.

வெளித்தோற்றம் ஒன்றாயிருக்க, உள்ளே நிகழ்வதை அறிவது எங்ஙனம்? ஈண்டுதான் குருதி உறைந்தபின் பிரியும் தெளிநீர், அதாவது சீரம், துணைசெய்கின்றது. புழுவினாற் குருதி இழந்தவனுடைய சீரத்தில் இரும்பு குன்றும். மச்சை வறண்டவனிடத்திலோ, எடுத்தாளக் கலங்கள் இன்மையின், இரும்பு மிகும். அவனுக்கு மேலும் இரும்பு ஊட்டுவதாற் பயனில்லை; மிகுந்த இரும்பு உறுப்புகளிற் படிந்து கேடும் செய்யும்.

சீரத்தின் மற்றொரு செய்தி இதனினும் வியப்புடையது. 1906 இல் பாரிசில் கார்னோ, டெஃப்லாந்திர் என்னும் இருவர், குருதி இழந்த முயலின் சீரத்தைப் பிற முயல்களுக்கு ஏற்றி, அவற்றின் செங்கலங்கள் பெருகக் கண்டதாக அறிவித்தனர். பலர் ஐயுற்றனர். 1953 இல் எர்ஸ்லெவ் செய்த சோதனைகளே ஐயத்தை அகற்றின. சிறுநீரகமே அவ்வூக்கியைச் சுரக்கின்றதென 1957 இல் ஜேக்கப்சன் குழுவினர் காட்டினர். மச்சை வறண்ட நோயாளரின் சிறுநீரகம் “கலம் ஆக்குக” என ஏவிக்கொண்டேயிருக்கும். ஏவலைக் கேட்க மச்சை இல்லை. எனவே எரித்திரோபொயிற்றின் என்னும் அவ்வூக்கி அவர்தம் குருதியிலும் சிறுநீரிலும் பெருகிக் கிடக்கும்.

அந்நோயாளரிடமிருந்தே 2,550 லீற்றர் சிறுநீரைத் திரட்டினார் ஜப்பானியக் குமமோட்டோவைச் சேர்ந்த மியாகே. உலர்த்திய அச்சரக்கைத் துணியிற் பொதிந்து 1975 இற் சிக்காகோவுக்குக் கொணர்ந்து கோல்ட்வாசரிடம் ஒப்படைத்தார். 1977 இல் தூய ஊக்கி சில மில்லிகிராம் கைவந்தது. அதன் வழியே மரபணு அறியப்பட்டு, 1989 இல் அமெரிக்காவில் அம்மருந்து சிறுநீரக நோயாளரின் சோகைக்கு அனுமதி பெற்றது. சிறுநீர் ஈந்தவர்களுக்கோ அம்மருந்தாற் பெரும்பயன் இல்லை. ஊக்கியை ஏற்க வேண்டிய மச்சைதானே அவர்களிடத்தில் இல்லை! அவர்களுக்கு வழி வேறிடத்தில் திறந்தது: மச்சை மாற்றலும், குதிரையின் சீரத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருளும் 1970 களில் அவர்களிற் பலரைப் பிழைக்கச் செய்யத் தொடங்கின.