இருபத்தெட்டு நாற்காலிகள்
(கல்கத்தா மாநகராட்சியில் உறுப்பினர் உரிமைப் போராட்டம்: 1876 – 1924)

மன்றம் என்பது தமிழில் பழஞ்சொல். பலர் கூடிப் பேசும் இடத்தை அது குறிக்கும். அவ்விடத்தில் அமரத் தக்கவர் யார், அவரை அமர்த்தும் உரிமை எவருக்குரியது என்னும் வினாக்கள் எழுந்தவுடன் மன்றம் அரசியற் களமாகிவிடுகிறது. இவ்வினாக்களைச் சுற்றியே ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ஒரு மாநகரம் வழக்காடியது. அதுவே கல்கத்தா, 2001 முதல் கொல்கத்தா என வழங்கப்பெறும் நகரம். அவ்வழக்கின் போக்கினைச் சுருங்கக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எண்ணிக்கையின் பொருள்

அந்நாளில் மாநகராட்சி உறுப்பினரைக் 'கமிஷனர்' என்றே அழைத்தனர். 1876ஆம் ஆண்டுச் சட்டம் 72 கமிஷனர்களுக்கு இடமளித்தது. அவருள் 48 பேர் வரி செலுத்துவோரால் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 24 பேரை அரசு நியமித்தது. 1888ஆம் ஆண்டுச் சட்டம் மன்றத்தை 75 பேர் கொண்டதாக விரித்தது. தேர்ந்தெடுக்கப்படுவோர் 50 பேர். அரசு நியமிப்போர் 15 பேர். வணிகர் கழகம், வாணிகச் சங்கம், துறைமுக நிருவாகம் ஆகியன அனுப்புவோர் 10 பேர்.

வாக்குரிமை பெற்றவர் சிலரே. ஏழையர்க்கும் மகளிர்க்கும் அதில் பங்கில்லை. ஆயினும் மூன்றில் இரு பங்கினர் நகர மக்களால் அனுப்பப்பட்டவர் என்பது அடிமைப்பட்ட நாட்டில் சிறிய செய்தியன்று.

பேச்சும் செயலும்

1896இல் வங்காளத்தின் துணை ஆளுநராயிருந்த சர் அலெக்சாண்டர் மெக்கன்சி, கழிவுநீர்ப் பணி தொடர்பான விழாவொன்றில் மாநகராட்சியைக் கடுமையாகச் சாடினார். உறுப்பினர் பேசுகின்றனர், காலந்தாழ்த்துகின்றனர், செயலாற்றுவதில்லை என்பது அவர் குற்றச்சாட்டின் சாரம். நகரின் சுகாதாரம் சீர்கெட்டிருந்தது உண்மை. பம்பாயில் தோன்றிய கொள்ளைநோய் 1898இல் கல்கத்தாவிலும் தலைகாட்டியது. எனவே அக்குற்றச்சாட்டை வெறும் பழியெனத் தள்ளிவிட இயலாது.

ஆனால் அரசு கண்ட மருந்து வேறாக இருந்தது. வாய்க்கால்களைத் துப்புரவாக்க வேண்டுமெனத் தொடங்கிய பேச்சு, உறுப்பினரைக் குறைக்க வேண்டுமென்பதில் முடிந்தது. 1899இல் வைசிராயாகப் பொறுப்பேற்ற கர்சன் பிரபு, தேர்ந்தெடுக்கப்படுவோர் எண்ணிக்கையை 50இலிருந்து 25ஆகப் பாதியாக்கினார். மற்றைய 25 இடங்கள் அரசுக்கும் வணிக அமைப்புகளுக்கும் உரியவை. தலைவரோ அரசு அலுவலர். ஆக, பெரும்பான்மை ஒரே வெட்டில் கைமாறியது.

அன்றாட அதிகாரம் செலுத்தும் பொதுக்குழுவின் அமைப்பு இன்னும் நுட்பமானது. அக்குழுவின் 12 பேரில் வட்டங்களின் சார்பாக வருவோர் நால்வர் மட்டுமே. ஏனைய எண்மருள் நால்வர் அரசின் சார்பினர். நால்வர் வணிக, துறைமுக அமைப்புகளின் சார்பினர்.

விலகலின் விலை

1876 முதல் அம்மன்றத்தில் பணியாற்றிவந்த சுரேந்திரநாத் பானர்ஜி, இச்சட்டத்தைச் சட்டமன்றத்தில் எதிர்த்து வாதிட்டார். வாதம் பயனளிக்கவில்லை. 1899 செப்டம்பரில் அவரும் அவருடன் 27 பேரும் பதவி துறந்தனர். இருபத்தெட்டு நாற்காலிகள் வெறுமையாயின.

அவர்கள் விலகியது சரியா? உள்ளிருந்து போராடியிருந்தால் தம் தெருவின் விளக்கையும் குடிநீரையும் பற்றியேனும் கேட்டிருக்கலாம் என்பார் கூற்றிலும் நியாயம் உண்டு. சட்டம் நிறைவேறியது, மாநகராட்சி அவர்களின்றியே இயங்கியது. எனினும், தாம் வெறும் அலங்காரமாக அமர மறுத்ததன் வாயிலாக, உறுப்பினர் என்பவர் ஆட்சியாளரின் உதவியாளர் அல்லர், மக்களின் பேராளர் என்னும் கருத்தை அவர்கள் நிலைநாட்டினர். உரிமை பறிக்கப்பட்டதை ஊரறியச் செய்தது அவ்வெறுமையே.

திரும்பிய பேனா

வரலாறு சில வேளைகளில் விந்தையாக வட்டமிடுகிறது. 1921இல் சுரேந்திரநாத் வங்காளத்தின் தலத் தன்னாட்சி அமைச்சரானார். அன்று விலகியவரின் முயற்சியாலேயே 1923ஆம் ஆண்டுக் கல்கத்தா மாநகராட்சிச் சட்டம் பிறந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டோர் பெரும்பான்மையாயினர்; அவர்கள் தேர்ந்தெடுக்கும் மேயர் பதவி ஏற்பட்டது; மகளிர்க்கும் வாக்குரிமை கிட்டியது. ஆனால் அவ்வாண்டின் இறுதியில் நடந்த சட்டமன்றத் தேர்தலில், இளைஞராகிய மருத்துவர் பிதான் சந்திர ராயிடம் அவர் தோற்றார். நட்டவர் கனியுண்ணவில்லை.

1924இல் சித்தரஞ்சன் தாஸ் முதல் மேயரானார். தலைமை நிருவாக அலுவலராக 27 வயதுச் சுபாஷ் சந்திர போஸ் அமர்த்தப்பட்டார். அந்நியமனத்திற்கு அரசின் ஒப்புதல் வேண்டியிருந்தது. அது மனமுவந்து வழங்கப்படவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் போஸ் சிறைப்பட்டார். சிலகாலம் சிறையிலிருந்தே அலுவல் கோப்புகளைக் கவனித்தார்.

இங்கே மறைக்கலாகாத மற்றொரு செய்தியும் உண்டு. அப்பதவியைத் தமக்குரியதெனக் கருதியிருந்தவர் மிதுனப்பூர் மாவட்டத் தலைவர் பீரேந்திரநாத் சாஸ்மல். அது கிட்டாமையால் அவர் மனம் நொந்து விலகிநின்றார். அந்நியரோடு நடந்த வழக்கு முடியுமுன்பே வீட்டுக்குள் வழக்குத் தொடங்கிவிட்டது.

முடிவாக

நியமனம் பற்றிய பூசல்களைப் பதவியாசை எனச் சுருக்கிக் கூறுவது எளிது. கல்கத்தாவின் வரலாறு அவ்வெளிமையை மறுக்கிறது. நாற்காலியைக் கேட்டவர் அனைவரும் தமக்காகக் கேட்டவரல்லர். துறந்தவர் அனைவரும் தோற்றவரல்லர். அதே வேளையில், உரிமையை வென்றெடுத்த பின்னும் அதனைப் பங்கிடும் பக்குவம் தானே வந்துவிடுவதில்லை.

பத்தாண்டு கண்ட நம் வட்டமும் ஒரு சிறு மன்றமே. செயற்குழுவில் யார் அமர்வது, கவியரங்கில் யார் தலைமை ஏற்பது என்பன நமக்கும் புதிய வினாக்கள் அல்ல. அவ்வினாக்களைக் கேட்க அஞ்சாதிருப்போம். கேட்பவரைப் பேச்சாளர் மட்டுமே எனப் பழியாதிருப்போம். எந்த நாற்காலியேனும் வெறுமையாகுமாயின், அமர்ந்திருந்தவர் ஏன் எழுந்தார் என ஒருகணம் எண்ணிப் பார்ப்போம்.